கனடா அம்பிளிபயரும் கவிழ்த்த சைக்கிளும்

ஹெட்போனுக்கு அம்பிளிபயர் வாங்கப் புறப்பட்டவன் முதலில் ஏதாவதொரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். கையடக்கக் கட்சி, மேசைக் கட்சி என்று இரண்டு. ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் மேசைக் கட்சியில் ஆயுட்கால உறுப்பினர்.

"300 ஓம் ஹெட்போனுக்கு ஃபோன் காணாது மச்சான், வோல்ட் வேணும். என்ரை பழசு சும்மா கிடக்கு. அனுப்பிவிடட்டே?"

கனடாவிலிருந்து வருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் அங்கே 120 வோல்ட், இங்கே 230. அவருடைய பெட்டியை நேரே சுவரில் செருகினால் சங்கீதம் வராது, புகைதான் வரும். இடையில் வோல்ட்டைக் குறைக்க ஒரு ரான்ஸ்போமர் வேண்டும். அது அம்பிளிபயரைவிடப் பாரம், மேசையில் அதைவிடக் கூடிய இடம் பிடிக்கும். நம்முடைய 50 ஹேர்ட்ஸ் கரண்டில் அதன் இரும்பு விநாடிக்கு 100 தரம் அதிரும் என்பதால், விடாமல் ஒரு முனகலும் இருக்கும். சுருதிப்பெட்டி வாங்கும் செலவு மிச்சம்.

சாய்மனைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, கரண்ட் போனால் உது பாடுமோ?"

அவர் கேட்பதில் நியாயம் உண்டு. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். கிடந்த பழசுகளை வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் செத்தபின் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, ரயரில் உரசும் டைனமோ 6 வோல்ட் தரும். நாலு பற்றறி போடும் றேடியோவுக்குத் தேவையானதும் அதே 6 வோல்ட்தான். டைனமோவில் வருவது ஏசி, றேடியோவுக்கு வேண்டியது டிசி. நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் நடுவில் இருந்து பஞ்சாயத்துப் பண்ணும். இரவு பிபிசி தமிழோசை இப்படித்தான் வந்தது. சுற்றுகிற கை களைத்தால் முக்கியமான செய்தி பாதியில் மங்கும், சூழ்ந்திருக்கும் சனம் சுற்றுகிறவனைத் திட்டும். கசெற் போட்டால் இன்னும் விசேஷம்: வேகம் குறையக் குறைய சீர்காழி மெல்ல மெல்ல ரி.எம்.எஸ். ஆவார்.

அதெல்லாம் பழங்கதை என்று மச்சான் சொல்லக்கூடும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அது பழங்கதையா? அந்த நாட்களில் மேசை அம்பிளிபயர் கடதாசி பறக்காமல் இருக்கத்தான் உதவியிருக்கும். கரண்ட் ஒழுங்காக இருக்கும் காலத்திலும் ஐப்பசி பிறந்தால் இடி இருக்கிறது. வானம் ஒருதரம் உறுமினால் போதும், அம்மா வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. மழைக்குப் பாட்டுக் கேட்கவென்று வாங்கிய பெட்டியை மழையில்தான் போட முடியாது.

இனி, காதின் பக்கம். கையடக்கக் கட்சியைச் சேர்ந்த, விரல் நீளமுள்ள யூஎஸ்பி டொங்கிள்கள் பல 1 வோல்ட் தரும். மச்சான் பயமுறுத்தும் 300 ஓம் ஹெட்போன்களில் பேர்பெற்றது சென்ஹைசர் எச்டி 650. 1 வோல்ட்டில் அது 103 டெசிபெல் சத்தம் போடும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அதற்குமேல் போனால் ஹெட்போனுக்கல்ல, காதுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டிவரும். உண்மையில் மேசைப் பெட்டியைக் கேட்பவை, எவ்வளவு ஊட்டினாலும் அடங்காத சில பெரிய பிளேனர் ஹெட்போன்கள் மட்டுமே. காதுக்குள் செருகும் சின்ன இயர்போனைப் பலமான மேசைப் பெட்டியில் கொழுவினால், பாட்டுக்கு முன்னம் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்து வணக்கம் சொல்லும்.

நான் அதிகம் கேட்பது 1975இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவில். அந்தப் பழைய ஒலிப்பதிவுகளில் ரேப்பின் இரைச்சலும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. விலை கூடிய அம்பிளிபயர் அந்த இரைச்சலையும் ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து தரும், அவ்வளவுதான்.

ஆகவே கையடக்கத்தையே வாங்குங்கள், மிச்சக் காசை நல்ல ஹெட்போனில் போடுங்கள். கனடா மச்சான் ஏதாவது அனுப்பியே தீருவேன் என்று நின்றால் பவர்பாங்க் கேளுங்கள். அதற்கு 120, 230 தகராறு கிடையாது. வருகிற ஆளிடம் கைப்பையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், பெட்டிக்குள் வைத்தால் பிளேனில் ஏற்றமாட்டார்கள்.