மேசைக் காவலர்

களிமண் வகுப்பு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். டிராயிங் மாஸ்டருக்கு அன்று காவல் உத்தியோகம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் சொன்னாலும் சொன்னது, சதுர்த்திக்கு முந்தின வாரம் ஹெச்.எம். தவறாமல் ஆணையிடுகிறார்: “பசங்க களிமண் பிள்ளையார் செய்யட்டும் சார்.” மற்றவர்கள் மண்ணுக்கு எங்கே போவது என்று யோசிப்பார்கள். இவர் மேசையைத் தடவிப் பார்ப்பார்.

அந்த மேசையும் அவருடையதல்ல. ஓவியத்துக்கென்று தனி அறை எத்தனை பள்ளியில் இருக்கிறது? லேப் மேசையை இரண்டு பீரியடுக்கு இரவல் வாங்கியிருப்பார். வகுப்பு முடிந்ததும் கெமிஸ்ட்ரி டீச்சர் வருவார். மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் பழைய பிளெக்ஸ் பேனர் விரிப்பார். எந்தத் தலைவரின் பிறந்தநாளானாலும் முகம் கீழே பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பசங்க அவர் மூக்கிலேயே தும்பிக்கை ஒட்டிவிடுவார்கள். வெறும் பிளெக்ஸில் ஈரமண் அப்பிக்கொள்ளும் என்பதால் அதன்மேல் கோணிச்சாக்கு. சாக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிள்ளையார் அலுங்காமல் கையோடு வந்துவிடுவார். செய்தித்தாளை அவர் சேர்ப்பதே இல்லை. அது ஊறிக் கிழிந்து, பிள்ளையாரின் அடியில் அன்றைய ராசிபலன் ஒட்டிக்கொண்டு வரும்.

“டேய், எவன்டா ஈரத்துணியை எடுத்தது? வை கீழே!”

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். கட்டியாகக் கிடக்கும் மண்ணை ஈரத்துணியால் தேய்த்தால், அது மேசைக்கு வெள்ளையடித்த கணக்குதான். உடைந்த ஸ்கேலால் முதலில் வழித்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்பாஞ்ச். துடைப்பத்தைத் தொட்டவனுக்குத் தனி அர்ச்சனை உண்டு. காய்ந்த மண்தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. இந்த இடத்தில் மாஸ்டர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

கை கழுவ வாஷ்பேசினுக்கு ஓடுகிறவனை வாசலிலேயே மறிப்பார். “பைப்புக்குள்ள போன மண்ணை உங்க தாத்தாவா வந்து எடுப்பார்?” மண்கை முதலில் முதல் வாளியில், பிறகு இரண்டாவதில், கடைசியில்தான் குழாய். மறுநாள் வாளியில் மண் அடியில் படிந்திருக்கும். தெளிந்த நீர் செம்பருத்திக்கு, மண் அடுத்த வகுப்புக்கு. மிச்சத் துணுக்குகளை அரை ஈரத்தோடு வாளியில் போடவும் விடமாட்டார். கட்டி நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீரில் பொலபொலவென்று உதிரும். மேசைக்குப் பயந்து பயந்தே களிமண்ணின் குணம் முழுவதையும் கற்றுவைத்திருக்கிறார் மனிதர்.

“சார், என் பிள்ளையார் எப்படி சார்?” என்று ஒரு சிறுமி நீட்டுவாள். மாஸ்டர் பிள்ளையாரைப் பார்க்கமாட்டார்; அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்ப்பார்.

“ஒரு பொட்டு மண்ணுகூட வெளியே போகலையே! ரொம்ப அழகா இருக்கும்மா.”

உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பார். பழைய சாக்கு இரண்டு கொடுத்தனுப்புங்கள், புண்ணியமாகப் போகும். பிளெக்ஸ் வேண்டாம்; நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.