எதிராளி வேணும் மாப்ள!

கே: அண்ணே, மதுரையில் கால்பந்துக்கு ஏன் பெரிய ரசிகர் படை இல்லை? (செல்லூர்)

ப: அந்த இடத்தைச் சினிமா துண்டு போட்டுப் பிடித்துவிட்டது. 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு கதவு திறந்தது. அப்புறம் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி. பிறகு ரஜினி, கமல். இந்த ரசிகர்களை ஆராய சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980-களில் மதுரைக்கே வந்து, 1993-இல் புத்தகமும் போட்டார். பந்தே இல்லாமல் சர்வதேச ஆட்டம் ஆடிய ஊர் இது!

கே: கொல்கத்தாவில் மீனுக்கும் கட்சி உண்டாமே? (மேலூர்)

ப: உண்டு. கால்பந்தில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். 1889-இல் பிறந்த பகான் மேற்கு வங்கத்தாரின் அணி. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கிழக்கத்தியாரின் அணி. பிரிவினையில் வீடு வாசலை விட்டு ஓடிவந்தவனுக்கு அந்த அணிதான் சொந்த ஊர். அவன் மீனை நான் கேலி செய்ய மாட்டேன். நம்மூரில் அயிரைக் குழம்பு என்றால் எல்லாக் கட்சியும் ஒரே பந்தி!

கே: ரசிகன் என்றால் நாலு அடிதடி இருக்கத்தானே செய்யும்? (அவனியாபுரம்)

ப: 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். அதே இரண்டு அணிகள். கலவரத்தில் 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கொல்கத்தாவில் ரத்த தானம் செய்கிறார்கள். உனக்கு ரத்தம் கொதித்தால் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போ தம்பி. வாங்கிக்கொள்வார்கள்.

கே: சென்னையின் எஃப்.சி. நம்ம அணியா? (திருப்பரங்குன்றம்)

ப: கோப்பை வாங்கிய 2015-இலும் 2018-இலும் சொன்னது செல்லாது. தோற்ற அன்றைக்குச் சொல்லுங்கள்.

கே: நான் மெஸ்ஸி, மச்சான் ரொனால்டோ. பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது! (கோரிப்பாளையம்)

ப: 2022-இல் கோழிக்கோட்டுப் புல்லாவூர் ஆற்றில் 30 அடி மெஸ்ஸி கட்அவுட் நின்றது. விடுவார்களா? 40 அடிக்கு நெய்மர் எழுந்தார். அதையும் தாண்டி ரொனால்டோ. ஃபிஃபாவே படத்தைப் பகிர்ந்தது. மெஸ்ஸி ரசிகன் மட்டும் இருந்திருந்தால் கதை 30 அடியோடு முடிந்திருக்கும். மச்சானுக்கு ஒரு டீ சொல்லு.

கே: அஜித் 2011-இலேயே மன்றங்களைக் கலைத்துவிட்டாரே? (திருமங்கலம்)

ப: மன்றம் கலைந்தது, ரசிகன் கலைந்தானா? 2021 பிப்ரவரி, சேப்பாக்கம் டெஸ்ட். பீல்டிங் நின்ற இங்கிலாந்துக்காரர் மொயின் அலியிடம் அஜித்தின் ‘வலிமை’ பட அப்டேட் கேட்டார்கள். மனுஷன் அஸ்வினிடம் போய், வலிமை என்றால் என்னவென்று விசாரித்திருக்கிறார்!