பொன்னரளி எண்ணெயில் வடை சுடலாமா?

கேள்வி: எங்கள் குவார்ட்டர்ஸ் வேலி முழுக்க மஞ்சள் அரளி. கொட்டையை உடைத்தால் பருப்பில் எண்ணெய் கசிகிறது. கடலை எண்ணெய் விற்கிற விலையில் இதை ஆட்டினால் என்ன? சத்து இருக்குமா?
– ஓர் இல்லத்தரசி, 21-ஆம் வட்டம், நெய்வேலி

பதில்: சத்தா? அமர்க்களம்! பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய். அதில் முதலிடம் ஒலீயிக் அமிலத்துக்கு. ஆலிவ் எண்ணெயும் கடலை எண்ணெயும் இதை வைத்துத்தான் பீற்றிக்கொள்கின்றன. கூடவே பால்மிட்டிக், லினோலீயிக். இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறவர் உடனே வாணலியை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

ஏற்றாதீர்கள், அம்மா. கொழுப்பு அமிலப் பட்டியலில் தெவெட்டின் வராது, கொட்டையில் இருக்கும். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்தியே விடக்கூடிய நஞ்சு அது. செடி முழுக்க உண்டு, கொட்டையில்தான் அதிகம். வறுத்துவிட்டால் போய்விடும் என்று நம்பவும் முடியாது. இலங்கையில் இந்தக் கொட்டை ஆயிரக்கணக்கானோரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறது. அதற்கான முறிமருந்து வேலை செய்கிறது என்று 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததும் அங்கே நடந்த ஆய்வுதான். மருந்தின் விலைக்கு எத்தனையோ டின் கடலை எண்ணெய் வாங்கலாம்!

பயோடீசலுக்கு இந்த எண்ணெயைச் சோதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு இதயம் கிடையாது, குடிக்கட்டும். பக்கத்து விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் நடத்தி, ரகம் ரகமாகக் கடலை கொடுத்திருக்கிறார்கள். வடைக்கு அந்தக் கடலையின் எண்ணெயே போதும். பூவைச் சிவனுக்குச் சாத்துங்கள். உதிர்ந்த காயைப் பிள்ளைகள் கையில் சிக்காமல் பெருக்கித் தள்ளுங்கள். யாராவது மென்றுவிட்டால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காயையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.