அரைக்கிலோ தைரியம்

வெயில் காலத்தில் சட்டைக்குள் தெரியாமல் செருகத் தோதான கைத்துப்பாக்கி எது என்பது அமெரிக்கர்களின் கோடைக் கவலை. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிக்கும் அது வந்தால்?

கான்பூரில் அரசுத் தொழிற்சாலை 2014-ல் இறக்கிய 'நிர்பீக்' ரிவால்வர் இருக்கிறது. எடை 500 கிராம். பெண்களின் பாதுகாப்புக்கு என்றார்கள், அப்போது விலை 1.22 லட்சம் ரூபாய். காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட 2019-லேயே பதினேழு கிலோ விற்றாலும் அதை வாங்கப் போதாது. அதற்கும் முன்னால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம், போலீஸ் விசாரணை, 'உங்கள் உயிருக்கு யாரால் ஆபத்து?' என்ற சங்கடமான கேள்வி.

சரி, கிடைத்தே விட்டது. எங்கே ஒளிப்பது? வேட்டிக்கு மேல் கட்டிய பச்சை பெல்ட்டில் ஏற்கெனவே பணம், செல்போன், வெற்றிலை. வியர்வையில் ஒட்டும் வெள்ளைச் சட்டை எதையும் மறைக்காது. போடிமெட்டு ஏறினால் குளிருக்கு ஸ்வெட்டர் போடலாம், ஒளிக்க இடமுண்டு. ஆனால் அங்கே எதிரே வருவது காட்டுமாடாக இருக்கலாம், அது நிர்பீக்கின் .32 தோட்டாவை மதிக்கும் ஜாதியல்ல.

வழிப்பறிக்காரனுக்குப் பயந்து வாங்கியதை, தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலோர் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்ப வேண்டும். ரசீது மட்டும் சட்டைப் பையில் கச்சிதமாக அடங்கும்.