கால்மணி நேரக் கோளாறு

ஏட்டி தாயி, அந்தப் பொஸ்தகத்த மூடிட்டு இங்கன வந்து உக்காரு. நாளைக்கு ராத்திரி பொதிகையில ஏறணும், விடிஞ்சா எழும்பூர், அங்கயிருந்து நுங்கம்பாக்கம், அங்கதான் ஒன் பரீச்சை. இன்னும் வாய்க்குள்ளயே என்னத்தயோ முணுமுணுத்துக்கிட்டுக் கெடக்கே. ஒன் ஆச்சி, பிள்ளைக்குக் காத்துக்கருப்பு அண்டிட்டோன்னு பூசாரிகிட்ட திருநீறு வாங்க ஆளு அனுப்பிட்டா. ஜெர்மன் பாசைன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கா.

எனக்கு ஜெர்மன் தெரியாதுதான். ஆனா மாசக்கணக்கா தார்சாவுல உக்காந்து நீ கத்துன கத்துக்கு, தொழுவுல நிக்க பசுவே டெர், டீ, டாஸ் சொல்லும். எனக்கு ரெண்டு வார்த்தை ஒட்டாதா? பீரோக் கதவுல பி1 பரீச்சை வெவரம் பூராத்தையும் எழுதி ஒட்டி வச்சிருக்கியே, அத நீ ஒருநாளாவது நின்னு வாசிச்சு நான் பாக்கல. நான் தெனமும் வாசிக்கேன். இந்த வீட்டுல அத வாசிச்ச ஒரே ஆளு நாந்தான். அதனால புத்தி சொல்லுத யோக்கியதை எனக்கு உண்டு.

பேச்சுப் பரீச்சைக்கு முந்தி 15 நிமிஷம் ஒன்னயத் தனியா உக்கார வச்சுத் தயாராவச் சொல்லுதாவ. அது பெரிய தருமம்னு தெரிஞ்சுக்கோ. மேலத்தெருப் பையன் ஐஇஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் பரீச்சை எழுதப் போனானே, அவனுக்கு ரெண்டாம் பகுதியில கெடைச்சது ஒரே ஒரு நிமிஷம். ஒரு பென்சிலு, ஒரு தாளு. அந்த ஒரு நிமிஷம் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் வரைக்கும் நிறுத்தாமப் பேசணும். பிரெஞ்சுக்காரன் டெல்ஃப் பி2ல அரைமணி நேரம் தாரான். ஜெர்மன்காரன் ரெண்டுக்கும் நடுவால நின்னு கால்மணி நேரம் அளந்து குடுக்கான். அத வீணாக்குததுக்கு ரொம்ப நல்ல வழியெல்லாம் இருக்கு. மொதல்ல அதச் சொல்லுதேன், ஒனக்குக் கைவந்த சங்கதி.

தாளக் குடுத்ததும் மேல பிள்ளையார் சுழி போடணும். ஓரத்துல கோடு கிழிக்கணும். தலைப்ப முத்துமுத்தா எழுதி அதுக்குக் கீழ ரெண்டு கோடு போடணும். பொறவு, பேசப் போறத மொத வார்த்தையில இருந்து கடைசி வார்த்தை வரைக்கும் ஒண்ணுவிடாம எழுத ஆரம்பிக்கணும். அஞ்சு பக்கத்துக்குப் பேசணும்னு படம் போட்டுக் குடுத்திருப்பாவ. நீ ரெண்டாம் பக்கத்துல “எனது சொந்த அனுபவத்தில்” வரைக்கும் வந்திருப்பே, நேரமாச்சுன்னு கதவத் தட்டுவாவ. மிச்சம் மூணு பக்கமும் வெள்ளையா இருக்கும், ஒன் மூஞ்சி மாதிரி.

சரி, எப்படியோ எழுதி முடிச்சுட்டேன்னே வச்சுக்கோ. உள்ள போயி என்ன செய்வே? வாசிப்பே. தாளக் கொண்டுபோலாம், ஒரு பார்வை பாக்கலாம். வாசிக்கப்படாதுன்னு நீயே செவப்பு மையில எழுதியிருக்கே. குனிஞ்ச தலை நிமிராம நீ வாசிக்கத, எதுத்தாப்ல இருக்க ரெண்டு பேரும் ஒன் உச்சி வகிடப் பாத்துக்கிட்டுக் கேக்கணுமா?

தலைப்பு ரெண்டு தருவாவ, ஒண்ண எடுத்துக்கிடணும். இங்கதான் பாதிப் பேரு கோட்டி பிடிச்சு நிக்கான். ஒண்ணு, பிள்ளைகளுக்கு செல்போன் வேணுமா வேண்டாமான்னு வரும். இன்னொண்ணு, பட்டணத்துல இருக்கது நல்லதா கிராமத்துல இருக்கது நல்லதான்னு வருதுன்னு வை. ஒனக்குக் கிராமத்தப் பத்திக் கருத்து நெறைய உண்டு. எப்படா இந்த ஊர விட்டு ஓடுவோம்னு இருக்கவ, கருத்துக்கு என்ன குறை? ஆனா கருத்து ஜெர்மன்ல இருக்கான்னு பாரு. பேசுததுக்கு ரெண்டு கருத்து போதும், வார்த்தை முப்பது வேணும். எதுக்கு வார்த்தை கையில இருக்கோ அத எடு. ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணு, மத்ததக் கவுத்து வையி, பொறவு அந்தப் பக்கம் திரும்பாத. ஏழாவது நிமிஷத்துல “ஐயையோ, அதையே எடுத்திருக்கலாமோ”ன்னு தோணும். எல்லாருக்கும் தோணும். அந்த நேரத்துல மாத்துனவன் ரெண்டுலயும் பாதிய வச்சுக்கிட்டு உள்ள போவான்.

இப்பத்தான் முக்கியமான சங்கதிக்கு வாரேன். கதவச் சாத்து, ஒங்கப்பன் காதுல விழுந்தா, பிள்ளையக் கெடுக்கியளான்னு சண்டைக்கு வருவான்.

பொய் சொல்லு.

முழிக்காத. ரெண்டாம் பக்கத்துல சொந்த அனுபவம் சொல்லணும். போன வாரம் செல்போன் தலைப்புக்கு எங்கிட்ட பேசிக் காட்டுனியே, ஞாபகம் இருக்கா? ஒன் சித்தி மவன் ராத்திரியில வெளையாடணும்னு அவன் அப்பன் போனத் தூக்கிக் குலுக்கைக்குள்ள ஒளிச்சு வச்ச கதை. நல்ல கதைதான், நடந்த கதைதான். “ஒளிச்சு வச்சான்” வரைக்கும் ஒழுங்கா வந்தே. பொறவு குலுக்கைக்கு ஜெர்மன்ல என்னன்னு விட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தே. நானும் பாத்தேன், ஆச்சியும் பாத்தா, விட்டத்துல ஒண்ணும் எழுதியில்ல. நெல்லு கொட்டுத மண்குலுக்கைய எதுக்குடி அங்க இழுத்துட்டுப் போறே? பீரோன்னு சொல்லு. ஷ்ராங்க். அந்த வார்த்தை மொத மாசத்துலயே படிச்சது. சித்தி மவன்னு சொல்லத் தெணறுதியா, கூடப் பொறந்த தம்பின்னு சொல்லு. ப்ரூடர். ஒனக்குத் தம்பி இருக்கானா இல்லையான்னு விசாரிக்க அவிய யாரும் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வரப் போறதில்ல. அங்க அளக்கது ஒன் பாசைய. ஒன் குடும்பத்த இல்ல. தெரியாத உண்மையத் தேடிக்கிட்டு நிக்க நேரத்துல, தெரிஞ்ச பொய்ய ரெண்டாச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரலாம். விசா பாரத்துல மட்டும் உண்மையச் சொல்லு, அங்க தம்பி கிம்பின்னு எழுதி வச்சிராத.

அந்த 15 நிமிஷத்துல புதுசா ஜெர்மன் ஒண்ணும் மொளைக்காது. போனும் கெடையாது, அகராதியும் கெடையாது. கைவசம் இருக்கதுல எது எங்க போகும்னு கோளாறா எடுத்து வைக்கதுதான் அந்தக் காமணியோட சோலி. ஒனக்குத் தெரிஞ்ச வார்த்தைக்குத் தக்கன ஒன் கதைய வெட்டிச் சுருக்கு. கதைக்குத் தக்கன வார்த்தையத் தேடப் போனியோ, திரும்பிவர நேரம் இருக்காது.

தாளு எப்படி இருக்கணும்னா, அஞ்சு வரிசை. மொத வரிசையும் கடைசி வரிசையும் வெறுமனே விட்டுரு. “இன்னைக்கி நான் இதப் பத்திப் பேசப் போறேன்”ங்கதும், கடைசியில ஃபீலென் டாங்க் சொல்லுததும் ஒனக்குத் தூக்கத்துலயே வருது, நான் கேட்டிருக்கேன். அத எதுக்கு எழுதி மைய வீணடிக்கே? நடுவுல இருக்க மூணு வரிசைதான் சாமானு: ஒன் அனுபவம், நம்ம ஊரு நெலவரம், நல்லதும் கெட்டதும் ஒன் அபிப்பிராயமும். வரிசைக்கு நாலு வார்த்தை. பேர்ச்சொல்லுக்கு முன்னால டெர்ரா டீயா டாஸான்னு அங்கனயே போட்டுரு, உள்ள போயி யோசிக்க முடியாது. அபிப்பிராயம் சொல்லுத வரிசையில “வைல்”னு எழுதி, அதுல இருந்து வரிசைக் கடைசி வரைக்கும் ஒரு அம்புக்குறி போடு. வைல் வந்தா வினைச்சொல்லு கடைசிக்குப் போயிரணும்லா? நாம பேசுத தமிழ்லயும் வினை கடைசியிலதான் வருது. அந்த ஒரு எடத்துலயாவது ஜெர்மன்காரன் நம்ம வழிக்கு வாரான், அங்கயும் நீ இங்கிலீஷ்காரி கணக்கா நடுவுல சொருகினா எனக்குக் கோவம் வரும்.

மார்க்குக் கணக்கும் அந்தக் கதவுலதான் ஒட்டியிருக்கு. தனியா நின்னு பேசுததுக்கு 40. கூடப் பரீச்சைக்கு வாரவனும் நீயும் சேந்து திட்டம் போடுததுக்கு 28. பேசி முடிச்ச பொறவு கேக்க கேள்விக்கும் பதிலுக்கும் 16, உச்சரிப்புக்கு 16. 60 வாங்குனா ஜெயிச்சே. நீ என்ன செய்யுதே? 40 பெருசுன்னு 15 நிமிஷத்தையும் அதுலயே கொட்டுதே. உள்ள போனதும் மொதல்ல கேக்கது எதுன்னு பாத்தியா? திட்டம் போடுதது! அந்தத் தாளத் தொடவே இல்லையே நீ. அதனால பத்து நிமிஷம் பேச்சுக்கு, மிச்சம் திட்டத்துக்கு. அதுலயும் திட்டத்தக் கடைசியில வையி. எது மொதல்ல கேப்பாவளோ அது கடைசியாக் கண்ணுல பட்டிருக்கணும்.

கூடப் படிச்சவரு அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடக்காரு, ரெண்டு பேரும் போயிப் பாக்கணும், என்னைக்கிப் போக, எதுல போக, என்ன வாங்கிட்டுப் போக, இந்த மாதிரி வரும். நீ நர்ஸு படிச்சவ. ஆஸ்பத்திரின்னதும் பிரஷர், டிரிப்ஸுன்னு ஒன் பிரதாபத்த அவுத்து விட்டுராத. பழமா பூவா, சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையா, அவ்வளவுதான் வியவகாரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு யோசனை எழுது, பக்கத்துலயே ஒரு மறுப்பும் எழுது. பஸ்ல போலாம், ஞாயித்துக்கிழமை பஸ் கொறைச்சல். மறுப்ப எதுக்கு எழுதச் சொல்லுதேன்னா, நீ மருவாதிக்காரப் பிள்ளை. பக்கத்துல உக்காந்திருக்கவன் என்ன சொன்னாலும் யா, யான்னு தலைய ஆட்டிருவே.

முத்தாரம்மன் கொடையில வில்லுப்பாட்டுக்கு நான் பக்கப்பாட்டு உக்காந்தவன்லா. அண்ணாவி கதையச் சொல்லச் சொல்ல “ஆமா” போடுததுதான் என் சோலி. ஆனா வெறும் ஆமா போட்டுக்கிட்டே இருந்தா அண்ணாவி வீசுகோலால என் மண்டையிலதான் தாளம் போடுவாரு. நல்ல பக்கப்பாட்டுக்காரன் எடையில “அது எதுக்கு?”ம்பான், “அப்புறம் அவ சும்மாவா இருந்தா?”ம்பான். அங்கதான் கதை நடக்கும், கூட்டம் முழிச்சிருக்கும். நீயும் அதத்தான் செய்யணும். ஒன் யோசனையச் சொல்லிட்டு வாஸ் மைன்ஸ்ட் டூன்னு பந்த அவன் கையில குடு. அவன் சொன்னதுல ஒண்ண மறு, ஒண்ண ஒத்துக்கோ. கடைசியில ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திரணும். சண்டை போட்டுக்கிட்டு அந்த நோயாளிய மறந்திராதிய.

ஜெர்மனியப் பாக்காமலே எப்படி தாத்தா பேசன்னு நேத்து மூக்கச் சிந்துனே. நீ போற எடத்துக்கு மாக்ஸ் முல்லர் பவன்னு பேரு. அந்த மனுசன் 1823ல ஜெர்மனியில பொறந்து, ஆக்ஸ்ஃபோர்டுல உக்காந்துக்கிட்டே ரிக் வேதத்த அச்சுல கொண்டாந்தவரு. இந்தியாவுல கால் வச்சதே இல்ல. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம ரேனியஸ் ஐயரப் பாரு. பிரஷ்யாவுல பொறந்த பாதிரியாரு, 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தாரு, 1832ல பூமி சாஸ்திரம்னு தமிழ்ல பொஸ்தகமே போட்டுட்டாரு. தெருவுல அவர மறிச்சுக் கேள்வி கேட்டவன் எவனாவது, “ஐயரே, 15 நிமிஷம் தாரேன், தயாராகிட்டு வாரும்”னு சொல்லியிருப்பானா? நீ கெட்டிக்காரி, காமணி நேரத்தக் கையில வச்சுக்கிட்டு அழுதே.

இன்னைக்கி சாயந்தரம் ஆச்சியோட சமையக்கட்டுக் கடிகாரத்த எடுத்துட்டு வா. நான் பழைய காலண்டர்த் தாள்ல தலைப்பு எழுதிச் சுருட்டிப் போடுதேன், நீ எடு. நேரம் முடிஞ்சா பாதி வார்த்தையில நின்னாலும் தாளப் பிடுங்கிருவேன். கூடப் பேச ஆச்சி இருக்கா. அவளுக்கு ஜெர்மன் தெரியாதுங்காத. எதுத்துப் பேச அவளுக்கு எந்த பாசையும் தேவையில்ல.

பரீச்சையில மத்தவன் பேசும்போது நீ ஒன் பேச்ச மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருக்காத. அவன் முடிச்சதும் நல்லாயிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லி ஒரு கேள்வி கேக்கணும். கேக்காதவளுக்கு என்ன கேள்வி தோணும்? அவன் சொல்லுததுல ரெண்டு வார்த்தையப் பிடிச்சுத் தாள் ஓரத்துல போட்டு வையி. ஒன்னயக் கேக்கப் போற கேள்விக்குத் தயாராவ முடியாதேன்னு கவலப்படுதியே, அதுக்கும் ஒரு களவாணித்தனம் இருக்கு. ஒன் கதையில வேணும்னே ஒண்ணப் பாதியில விட்டுட்டு வா. “தம்பி போன பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சான், எங்க அம்மா அவனுக்கு ஒரு தண்டனை குடுத்தா”ன்னு சொல்லி, என்ன தண்டனைன்னு சொல்லாம அடுத்த பக்கத்துக்குப் போயிரு. கேக்கவுகளும் மனுசங்கதான, அங்கதான் கை வைப்பாவ. நீ அந்தக் காமணியிலயே பதில எழுதி வச்சிருப்பே. ஆனா ஒண்ணு, குலுக்கைக்குள்ள தூக்கிப் போட்டு மூடிட்டோம்னு மட்டும் எழுதிராத. அந்த வார்த்தை இன்னும் ஒனக்குத் தெரியாது.