நோக்குகூலி

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி, விலைப்பட்டியலை மூவாயிரம் பேருக்கு ஒரே அமுக்கில் மின்னஞ்சல் அனுப்பினார். சர்வர் 421 என்றது. பதில் எண் 4-இல் தொடங்கினால் 'அப்புறம் வாங்க'. 5-இல் தொடங்கினால் 'வரவே வேண்டாம்'. அண்ணாச்சிக்கு ரோஷம், ஒரே நேரத்தில் திறந்த இருபது இணைப்பை ஐம்பதாக்கினார். சர்வர் கதவையே சாத்தியது.

வெளியே லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. குறுகல் வாசல், இருவர் மட்டும் மாறி மாறிப் போய்வந்தார்கள். மற்றவர்கள் நிழலில் நின்றார்கள்.

"அதைப் பாருங்க" என்றேன். அதேபோல இணைப்பு இரண்டு, ஒவ்வொன்றிலும் வரிசையாகக் கடிதங்கள், நடுவே சற்று ஓய்வு. சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது. கூலி கேட்டேன்.

"பார்த்துச் சொன்னதுக்கா? சும்மா பார்த்து நிக்கிறதுக்குக் கேக்குற நோக்குகூலியைக் கேரளாவில் 2018-லேயே ஒழிச்சாச்சு தம்பி!"