விட்டு விட்டு வரும் வைஃபை

கே: புது டெஸ்க்டாப் வாங்கினோம். அதே அறையில் செல்போனுக்கு வைஃபை நன்றாக வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் அடிக்கடி போய்விடுகிறது. கடைக்கே திருப்பித் தூக்கிக்கொண்டு போகவா?

ப: தூக்கத்தான் வேண்டாம், திருப்புங்கள். பெட்டியின் பின்பக்கம் இரண்டு சின்னத் திருகுமுனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? ஆன்டெனா அங்கே மாட்டவேண்டும். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியில், பிரிக்காத கவரில் அது இருக்கும். அசெம்பிள் செய்கிறவர்கள் எடுத்துக் கொடுக்க மறந்துவிடுவது உண்டு. ஆன்டெனா இல்லாமலும் ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கையால் திருகினாலே போதும்.

கே: மாட்டியாயிற்று. இன்னும் பாதிக் கோடுதான் காட்டுகிறது.

ப: பெட்டி மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி இருக்கிறதா? அப்படியானால் ஆன்டெனாவுக்கு ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் சுவர். ஒயர் வைத்த ஆன்டெனாவை மேசைமேல் வையுங்கள். ஒயர் இல்லாததென்றால் பெட்டியையே திருப்பி வையுங்கள்.

கே: யுஎஸ்பி வைஃபை டாங்கிள்தான் வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் சினிமா காப்பி செய்யும்போதெல்லாம் நெட் படுத்துவிடுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ப: நெருங்கிய சம்பந்தம். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கிளம்பும் மின் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கும் இடத்திலேயே போய் விழுகிறது. 2012-இல் இன்டெல்லே இதை அளந்து வெளியிட்டது. டாங்கிளும் ஹார்ட் டிஸ்க்கும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் இருந்தால், சந்தைக்கடையில் ரகசியம் பேசிய கதைதான். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளைத் தள்ளி வையுங்கள். டாங்கிள் 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குமென்றால் அதற்கு மாறிவிடுங்கள். இந்த இரைச்சல் அங்கே தொல்லை தராது.

கே: 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிய பிறகும், திடீரென்று எல்லாச் சாதனங்களிலும் வைஃபை மறைந்து, ஒரு நிமிடம் கழித்து வருகிறது!

ப: எல்லாவற்றிலும் என்றால் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்பவை. ராடார் போல ஏதாவது தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தே ஆகவேண்டும். இதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போவதானால் குறைந்தது 60 விநாடி கவனித்துவிட்டுத்தான் தொடங்கலாம். ரவுட்டர் செட்டிங்கில் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துப் பாருங்கள்.

கே: நெட் கம்பெனி கம்ப்யூட்டரைச் சொல்கிறது, கடைக்காரர் நெட் கம்பெனியைச் சொல்கிறார். யாரை நம்ப?

ப: பிங்கை நம்புங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டர் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றதில் வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கும் பிங் ஓடவிடுங்கள். கடைசியில் மைனஸ் டி (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். நெட் போகும் நேரத்தில் இரண்டும் நின்றால் சிக்கல் வீட்டுக்குள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, மற்றது மட்டும் நின்றால் நெட் கம்பெனிக்குப் போன் போடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

கே: சும்மா விட்டுவிட்டு வந்தால் மட்டும் நெட் போகிறது.

ப: டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவரும் போடுங்கள்.

கே: பேசாமல் ஒரு பூஸ்டர் வாங்கிவிடவா?

ப: இடம்விட்டு நகராத டெஸ்க்டாப்புக்கு அது எதற்கு? லேன் ஒயர் போடுங்கள். கேட் 5இ ஒயரே 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 ஜிகாபிட் தரும்.

கே: வாடகை வீடு. சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார்.

ப: தட்டையான லேன் ஒயர் கேளுங்கள். கதவின் அடியிலேயே போய்விடும்.